வாயைப் பூட்டி விமானம் ஏற்றாதீர்கள்

"படிப்பு முழுக்க ஆங்கிலத்தில்தான் சார். பிரெஞ்சு தெரியணும்னு அவசியமே இல்லையாம்."

கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் எத்தனை பெற்றோர் என்னிடம் இப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று கணக்கில்லை. பிரெஞ்சு வழியில் பள்ளிப் படிப்பை முடித்தவன் என்பதால், பிரான்சிலிருந்து ஒரு தாள் வந்தால் "கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள்" என்று தெருவில் உள்ளவர்கள் என்னிடம் கொண்டு வருவது வழக்கம். முன்பெல்லாம் சொல்தாக்களின் பென்ஷன் தாள்கள் வரும். இப்போது பிள்ளைகளின் வாடகை ஒப்பந்தம், வங்கிக் கடிதம், மருத்துவக் காப்பீட்டுக் கடிதம் எல்லாம் கைப்பேசியில் படமாக வந்து நிற்கின்றன. பிரெஞ்சே தேவையில்லாத படிப்புக்குப் போன பிள்ளைகளுக்கு வருகிற தாள் எல்லாம் ஏன் பிரெஞ்சிலேயே வருகிறது என்று ஒருவரும் யோசிப்பதில்லை.

அந்தப் பேச்சு பொய் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். முழுப் பொய்யாக இருந்தால் யாரும் நம்பமாட்டார்கள். பாதி உண்மை கலந்திருப்பதால்தான் விலை போகிறது. வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும் என்பது உண்மைதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் வகுப்பு 20 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். தூக்கத்துக்கு நாளைக்கு 8 மணி நேரம் கழித்தால்கூட மீதி 92 மணி நேரம் இருக்கிறது. அந்த 92 மணி நேரத்தில் உங்கள் பிள்ளை வீடு தேட வேண்டும், கடைக்குப் போக வேண்டும், மருத்துவரைப் பார்க்க வேண்டும், வேலை கேட்க வேண்டும், நாலு பேரோடு பேசிச் சிரிக்க வேண்டும். இவை அத்தனையும் நடப்பது பிரெஞ்சில். ஏஜென்ட் அந்த 20 மணி நேரத்தைப் பற்றி மட்டும்தான் பேசுகிறார்.

பிரான்சு மொழி விஷயத்தில் மற்ற நாடுகளைப் போல அல்ல. 1539இல் முதலாம் பிரான்சுவா மன்னர் வில்லேர்-கொத்தெரே என்ற ஊரில் ஓர் ஆணை பிறப்பித்தார். நீதிமன்றத் தாள்களும் அரசு ஆவணங்களும் லத்தீனில் அல்ல, பிரெஞ்சில்தான் இருக்க வேண்டும் என்றது அது. அந்த ஆணையை இன்றைக்கும் நீதிமன்றங்கள் மேற்கோள் காட்டுகின்றன. 1992இல் "குடியரசின் மொழி பிரெஞ்சு" என்று அரசியல் சட்டத்திலேயே சேர்த்தார்கள். 1994இல் தூபோன் சட்டம் வந்தது. கல்வி, தேர்வு, ஆய்வேடு எல்லாவற்றுக்கும் பிரெஞ்சுதான் மொழி, விதிவிலக்கு சிலவே என்றது. 2013இல்தான் உயர்கல்வியில் அந்த விதிவிலக்கைச் சற்று விரித்து, ஆங்கிலத்தில் பாடம் நடத்த வழி விட்டார்கள். அதற்கும் பிரெஞ்சு அகாதெமியிலிருந்து எதிர்ப்பு கிளம்பியது. ஆக, ஆங்கில வகுப்பு என்பது ஒரு பெரிய வீட்டில் அண்மையில் திறந்த ஒரு சன்னல். சன்னல் வழியாக வீட்டுக்குள் எட்டிப் பார்க்கலாம், குடியிருக்க முடியாது.

எங்கள் தெருப் பெண் ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர், ஊர், கல்லூரி எதுவும் வேண்டாம் என்றாள். சென்னையில் பொறியியல் முடித்தாள். வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கி, வட பிரான்சில் ஒரு தனியார் கல்லூரியில் நிர்வாகவியல் படிக்க அனுப்பினார்கள். ஆங்கிலத்தில் நன்றாகப் பேசுவாள். பள்ளியில் பிரெஞ்சும் எடுத்திருந்தாள், பன்னிரண்டாம் வகுப்பில் 98 மதிப்பெண்.

முதல் அடி வாடகை அறையில் விழுந்தது. அங்கே வீட்டில் நுழையும்போதும் காலி செய்யும்போதும் வீட்டுக்காரரும் குடிவருபவரும் சேர்ந்து சுவர், தரை, குழாய், அடுப்பு என்று ஒவ்வொன்றின் நிலையையும் ஒரு தாளில் குறித்துக் கையெழுத்திடுவார்கள். எத்தா தெ லியே என்று பெயர். எல்லாமே "நல்ல நிலையில்" என்று எழுதி நீட்டினார்கள். தரையில் கறை இருந்தது, கதவின் கீழ்ப்பகுதி உப்பியிருந்தது. அவளுக்கு அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை, கேட்க வாயும் வரவில்லை. கையெழுத்துப் போட்டாள். காலி செய்தபோது முன்பணத்தில் பாதிக்கு மேல் பிடித்துக்கொண்டார்கள். சட்டப்படி அவர்கள் செய்தது சரி. அவள் கையெழுத்து இருக்கிறதே!

இரண்டாவது அடி உடம்பில். ஒரு நாள் நள்ளிரவில் இடுப்பிலிருந்து அடிவயிறு வரை தாங்க முடியாத வலி. அவசர மருத்துவ உதவிக்கு அங்கே 15 என்ற எண். எடுத்தவர் கேள்விமேல் கேள்வி கேட்டார். எங்கே வலி, எப்போது தொடங்கியது, காய்ச்சல் உண்டா, வாந்தி உண்டா, எந்த முகவரி? இவள் ஆங்கிலத்தில் சொன்னாள். மறுமுனையில் மெதுவாகத் திரும்பக் கேட்டார்கள். வலியில் ஆங்கிலமும் வரவில்லை. அழைப்பைத் துண்டித்துவிட்டு ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு விடியும்வரை தரையில் படுத்திருந்தாள். காலையில் மாடிப்படியில் அவள் முகத்தைப் பார்த்த பக்கத்து வீட்டு மூதாட்டிதான் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். சிறுநீரகக் கல். நல்லவேளை, அதோடு போயிற்று.

"அந்த அம்மாவுக்கு நான் நாலு மாசமா ஒரு வணக்கம்கூடச் சொன்னதில்ல தாத்தா. சொன்னா அடுத்து ஏதாவது பேசுவாங்களே, பதில் சொல்லத் தெரியாதேன்னு பயந்து, அவங்க கதவு திறக்கிற சத்தம் கேட்டா நான் உள்ளேயே நின்னுடுவேன்" என்றாள்.

நாலு பேருக்கு முன்னால் துணிந்து பேசுகிற பெண், ஒரு கிழவியின் கதவுச் சத்தத்துக்குப் பயந்து அறைக்குள் ஒளிந்திருக்கிறாள். அந்நிய மண் தரும் அதிர்ச்சி என்று எழுதுகிறவர்கள் குளிரையும் ரொட்டியையும் பற்றி எழுதுகிறார்கள். குளிருக்கு ஸ்வெட்டர் இருக்கிறது, ரொட்டிக்கு ஊறுகாய் இருக்கிறது. ஊமையாகிப் போவதற்கு என்ன இருக்கிறது?

அக்டோபர் கடைசியில் அங்கே ஒரு வார விடுமுறை. நவம்பர் 1 நமக்குப் புதுவை விடுதலை நாள், அவர்களுக்குச் சகல புனிதர் திருநாள். மாணவர்கள் எல்லோரும் தங்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். விடுதி வெறிச்சோடிவிடும். அந்த வாரம் முழுவதும் கடையில் பணம் கட்டும் இயந்திரத்தைத் தவிர வேறு எதனோடும் தான் பேசவில்லை என்று அவள் சொன்னபோது அவள் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு அதுவரை இது தெரியாது. வாட்ஸ்அப்பில் ஈஃபல் கோபுரப் படத்தைத்தான் அவர் பார்த்திருந்தார்.

"பிரெஞ்சுக்காரன் திமிர் பிடித்தவன், ஆங்கிலம் தெரிந்தாலும் பேசமாட்டான்" என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. திமிர் பிடித்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. நிறம் பார்ப்பவர்களும் அங்கே உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் திமிர் என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு வேறு. நம் வீட்டுக்கு ஒருவர் வருகிறார். "வாங்க" என்கிறோம். அவர் ஒரு வார்த்தை பேசாமல் நேராக உள்ளே நடந்து "தண்ணீர் எங்கே?" என்று கேட்டால் நமக்கு எப்படி இருக்கும்? அங்கே கடைக்குள் நுழைந்ததும் "போன்ழூர்" சொல்லாமல் நேராக ஆங்கிலத்தில் பொருளைக் கேட்பது அப்படித்தான். ரொட்டிக் கடையிலும் பேருந்து ஓட்டுநரிடமும் மருத்துவர் வீட்டுக் காத்திருப்பு அறையிலும் முதலில் அந்த ஒரு வார்த்தை. அதற்குப் பிறகு தட்டுத்தடுமாறிப் பேசினாலும் பொறுத்துக்கொள்வார்கள்.

இதில் தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு வசதியும் இருக்கிறது. பிரெஞ்சில் 'துய்', 'வூ' என்று இரண்டு உண்டு, நம் நீ, நீங்கள் போல. யாரை நீ என்பது, யாரை நீங்கள் என்பது, எப்போது நீங்களிலிருந்து நீக்கு வரலாம் என்பதெல்லாம் நமக்குப் பாலோடு ஊட்டியது. ஆங்கிலம் மட்டுமே பேசி வளர்ந்தவனுக்குத்தான் அது புதிது. இந்தச் சொத்தைக் கையில் வைத்துக்கொண்டு நம் பிள்ளைகள் ஆங்கிலத்தின் பின்னால் ஒளிந்து நிற்கிறார்கள்.

கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வேலை பார்த்தவன் நான். அதனால் இதையும் சொல்ல வேண்டும். அரசு அலுவலகத்தில் எழுத்தர் என்பவர் கெட்டவரும் அல்ல, நல்லவரும் அல்ல. அவருக்கு முன்னால் ஒரு கோப்பு இருக்கிறது, அந்தக் கோப்புக்கு ஒரு மொழி இருக்கிறது. அந்த மொழியில் பேசுகிறவரின் வேலை முதலில் நடக்கும். பேசத் தெரியாதவரை நாளைக்கு வாருங்கள் என்பார். உலகம் முழுவதும் அப்படித்தான். புதுவையில் இதை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம். 1954 நவம்பரில் நிர்வாகம் கைமாறியது, 1962 ஆகஸ்டில் சட்டப்படி இணைப்பு முடிந்தது. அதன்பின் கோப்புகளின் மொழி ஆங்கிலமாக மாறியபோது, பிரெஞ்சில் புலிகளாக இருந்த மூத்த எழுத்தர்கள் மூன்று வரிக் குறிப்பு எழுதப் பக்கத்து மேசைப் பையனின் தயவை நாடி நின்றார்கள். அறிவு குறையவில்லை, அனுபவம் குறையவில்லை, மொழி மட்டும் காலடியிலிருந்து உருவப்பட்டுவிட்டது. பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு ஆங்கிலக் கோப்புகளுக்கு நடுவே போய் உட்கார்ந்த எனக்கும் முதல் ஓராண்டு எப்படிப் போனது என்று தெரியும். சொந்த ஊரில், சொந்தச் சாப்பாட்டோடு, சொந்த மக்கள் நடுவிலேயே அந்தப் பாடு. ஏழாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் தனி அறையில் இருக்கும் 22 வயதுப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்?

சரி, இதற்குப் பெற்றோர் சொல்லும் பதில்களுக்கு வருகிறேன்.

"கைப்பேசியில் மொழிபெயர்ப்பு இருக்கிறதே சார்?" இருக்கிறது. அறிவிப்புப் பலகையைப் படிக்க, மருந்துச் சீட்டின் பெயரைப் பார்க்க அது உதவும். ஆனால் வீட்டுக்காரர் தொலைபேசியில் பேசும்போது எந்தக் கையில் எதைப் பிடிப்பது? வகுப்பு முடிந்து நடைபாதையில் நாலு பேர் சிரித்துக்கொண்டு நிற்கும்போது கைப்பேசியை நீட்டி "இப்போது ஏன் சிரித்தீர்கள், திரும்பச் சொல்லுங்கள்" என்று கேட்க முடியுமா? வகுப்பில் ஆங்கிலத்தில் பேசும் அதே மாணவர்கள் கதவைத் தாண்டியதும் பிரெஞ்சுக்கு மாறிவிடுவார்கள். அவர்கள் வேண்டுமென்று செய்வதில்லை. நாம் இரண்டு தமிழர் சந்தித்தால் என்ன செய்வோமோ அதைச் செய்கிறார்கள். நட்பு என்பது அந்த நடைபாதையில் உண்டாவது.

"நம்ம தமிழர்கள் அங்கே நிறையப் பேர் இருக்கிறார்களே?" பாரிசில் லா ஷப்பேல் பகுதியில் இருக்கிறார்கள். போபூர் சேந்தெனி தெருவில் நடந்தால் முருங்கைக்காயும் வாங்கலாம், தோசையும் சாப்பிடலாம். ஆகஸ்ட் கடைசியில் பிள்ளையாருக்குத் தேர் ஓடுகிறது. மனம் குளிரும். ஆனால் அந்தத் தெருவை உண்டாக்கியவர்கள் பெரும்பாலும் ஈழத்திலிருந்து போரால் விரட்டப்பட்டு வந்தவர்கள். ஒரு வார்த்தை பிரெஞ்சு தெரியாமல் வந்து, உணவகங்களில் பாத்திரம் கழுவிக்கொண்டே மொழியைப் பிடித்து, அகதித் தாளுக்கும் குடியிருப்புத் தாளுக்கும் வரிசையில் நின்று ஊன்றியவர்கள். வேறு வழியின்றி அவர்கள் பட்ட பாட்டை, வழி இருந்தும் நம் பிள்ளைகள் படவேண்டும் என்று ஏன் நினைக்கிறோம்? அதுவும் பாரிசில் இருந்தால்தான். லீலிலோ ரென்னிலோ படிக்கிற பிள்ளைக்கு லா ஷப்பேல் என்பது ரயில் கட்டணம் கொடுத்துப் போய்வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

"பள்ளியில் பிரெஞ்சு படித்திருக்கிறாள் சார், 98." இதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை, கோபம் வருகிறது. நம் பள்ளிகளில் எத்தனை பேர் பிரெஞ்சை மொழிக்காக எடுக்கிறார்கள்? தமிழில் 98 வராது, பிரெஞ்சில் வரும் என்பதற்காக எடுக்கிறார்கள். கேள்விகளை முன்கூட்டியே அறிந்து, பதிலை மனப்பாடம் செய்து, வாயைத் திறக்காமலே தேர்ச்சி பெறுகிறார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. தமிழும் போய், பிரெஞ்சும் வராமல், கையில் இருப்பது மதிப்பெண் பட்டியல் மட்டும். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பிரெஞ்சு ஆட்சி நடந்த புதுவையிலேயே இந்த நிலை என்றால் மற்ற ஊர்களைப் பற்றிச் சொல்வானேன்.

மதிப்பெண் என்றதும் இன்னொன்று. அங்கே மதிப்பெண் இருபதுக்கு. 10 எடுத்தால் தேர்ச்சி. 12 என்றால் ஓரளவு நன்று, 14 நன்று, 16 மிக நன்று. அதற்கு மேல் கிடைப்பது அபூர்வம். எங்கள் தெருப் பெண் முதல் பருவத்தில் 13 வாங்கினாள். அப்பா நூற்றுக்கு மாற்றிப் பார்த்தார், 65. "பத்திரத்தை அடகு வைத்து அனுப்பியது இதற்கா?" என்று தொலைபேசியில் கத்தினார். ஆசிரியர் பாராட்டிய மதிப்பெண்ணுக்கு வீட்டில் வசவு. அந்த நாட்டின் அளவுகோலைப் பெற்றோரும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டாமா?

இனி பணக் கணக்கு. மொழி என்பது அலங்காரம் அல்ல, பணம் என்று இங்கே புரியும். 2019இல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களுக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணத்தை உயர்த்தினார்கள். பட்டப் படிப்புக்கு ஆண்டுக்கு 2,770 யூரோ, முதுகலைக்கு 3,770 யூரோ. முன்பு இருந்ததைவிட இது பல மடங்கு. பிறகு இன்னும் சற்று ஏறியிருக்கிறது. பல பல்கலைக்கழகங்கள் முழுவதுமோ ஓரளவோ விலக்குத் தருவதும் உண்டு. யூரோவுக்கு நூறு ரூபாய் என்று வைத்தாலும் முதுகலைக்கு ஆண்டுக்கு நாலு லட்சம் ரூபாய்க்குள். ஆனால் அங்குள்ள பெரும்பாலான படிப்புகள் பிரெஞ்சில் நடப்பவை. பொதுவாக பி 2 நிலைச் சான்று கேட்பார்கள். அந்தக் கதவு மூடியிருப்பதால், பிரெஞ்சு தெரியாத நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் போவது தனியார் நிர்வாகக் கல்லூரிகளுக்கு. அங்கே ஆண்டுக்குப் பத்தாயிரம் யூரோவுக்கு மேல் கேட்பது சாதாரணம். பிரெஞ்சு தேவையில்லை என்று சொல்பவர் யார், அவருக்குக் கமிஷன் எங்கிருந்து வருகிறது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

பட்டத்தின் பெயரிலும் கவனம் வேண்டும். லிசான்ஸ், மாஸ்தெர், தொக்தொரா ஆகிய மூன்றும் அரசின் பட்டங்கள். தனியார் கல்லூரிகள் சில, மாஸ்தெர் என்பதையே எழுத்தில் ஒரு சிறு மாற்றத்தோடு எழுதிச் சான்றிதழ் தருகின்றன. காதுக்கு இரண்டும் ஒன்றுதான், சட்டத்துக்கு ஒன்றல்ல. அப்படி எழுதியது தானாக அரசுப் பட்டம் ஆகிவிடாது. "பாஷ்லர்" என்ற பெயருக்கும் இதே எச்சரிக்கை. கல்லூரியின் விளம்பரத் தாளைப் பிரெஞ்சில் படிக்கத் தெரிந்த பிள்ளை இதைத் தானே கண்டுபிடித்துவிடும். தெரியாத பிள்ளை ஏஜென்டைக் கேட்கும்.

படிப்பின் நடுவில் ஸ்தாழ் என்ற பயிற்சிப் பணி வரும், பல படிப்புகளில் கட்டாயம். நாலு மாதம், ஆறு மாதம் ஒரு நிறுவனத்தில் வேலை செய்ய வேண்டும். இரண்டு மாதத்துக்கு மேல் போனால் ஊக்கத்தொகை தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நிறுவனங்கள் கேட்பது சரளமான பிரெஞ்சு. எங்கள் தெருப் பெண் எழுபதுக்கு மேற்பட்ட விண்ணப்பம் போட்டாள். நேர்காணலுக்கு அழைத்த இரண்டு இடத்திலும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. மாணவர்கள் ஆண்டுக்கு 964 மணி நேரம் வேலை செய்யலாம் என்று விசா அனுமதிக்கிறது. அதை நம்பித்தான் பலர் செலவுக் கணக்கே போடுகிறார்கள். மொழி இல்லாதவருக்கு அந்த 964 மணி நேரமும் உணவகக் குசினியின் பின்பக்கத்திலோ, மிதிவண்டியில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பதிலோதான் கழிகிறது. அந்த வேலைகள் இழிவு என்று நான் சொல்லவில்லை. அதற்கு வீட்டுப் பத்திரம் தேவையில்லை என்றுதான் சொல்கிறேன்.

விஞ்ஞான ஆய்வுக் கூடங்களில் ஆங்கிலம் புழங்குகிறது, முனைவர் ஆய்வுக்குப் போகிறவர் பிரெஞ்சு இல்லாமலும் ஆய்வை முடித்துவிடலாம். அதை ஒப்புக்கொள்கிறேன். அவருக்கு மாதச் சம்பளம் வருகிறது, தாள் வேலைக்கு உதவ ஆய்வுக்கூடத்தில் ஆள் இருக்கிறது. அவரைக் காட்டி, கடன் வாங்கிப் போகும் மாணவருக்கு ஆசை காட்டுவது நியாயமல்ல.

"அந்த நாட்டு அதிபரே கூப்பிடுகிறாரே?" என்பார்கள். 2030க்குள் 30,000 இந்திய மாணவர்கள் வரவேண்டும் என்று 2024 ஜனவரியில் மக்ரோன் அறிவித்தது உண்மை. அதே மூச்சில் அவர் இன்னொன்றும் சொன்னார். பிரெஞ்சு தெரியாத மாணவர்களுக்காகச் சர்வதேச வகுப்புகளைத் தொடங்குவோம் என்றார். அதாவது, மொழி இல்லாமல் வருவது ஒரு குறை, அதைத் தனியாகச் சரிசெய்ய வேண்டும் என்று அழைக்கிறவருக்கே தெரிந்திருக்கிறது. நமக்கு முதல் பாதி மட்டும் காதில் விழுகிறது. அதிபர் அழைக்கலாம். ஆனால் குடியிருப்புத் தாள் வாங்கப் போகும் கவுண்டரில் அதிபர் உட்கார்ந்திருக்கமாட்டார்.

கடைசியாக, எல்லோரும் சொல்லும் பதில். "ஒரு வருஷம் வீணாகிவிடுமே சார்." இதற்கும் கணக்கு இருக்கிறது. அன்றாட வாழ்க்கையைச் சமாளிக்கும் பி 1 நிலைக்கு ஏறத்தாழ 400 மணி நேரப் படிப்பு வேண்டும். நாளைக்கு இரண்டு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள் என்றால் எட்டு மாதம். பிரெஞ்சு வழிப் பல்கலைக்கழகத்துக்கான பி 2 வேண்டுமென்றால் இன்னும் ஐந்தாறு மாதம். புதுவையில் அலியான்ஸ் பிரான்சேஸ் 1889இலிருந்து இருக்கிறது, சென்னையிலும் இருக்கிறது. அதற்கு ஆகும் செலவு, தனியார் கல்லூரியின் ஒரு பருவக் கட்டணத்தில் சிறு பங்குகூட வராது. எட்டு மாதத்தை வீண் என்கிறோம். மொழி இல்லாமல் அங்கே போய் ஊமையாகக் கழிக்கும் இரண்டு ஆண்டுகளுக்கு என்ன பெயர்?

எங்கள் தெருப் பெண் அந்த நிலையிலிருந்து மீண்டாள். பக்கத்து வீட்டு மூதாட்டியே வழிகாட்டினார். நகரத்தில் ஒரு சங்கம் மாலை நேரத்தில் வெளிநாட்டவருக்குப் பிரெஞ்சு சொல்லித்தந்தது. வாரம் மூன்று நாள் போனாள். மற்ற நாட்களில் மூதாட்டியோடு தேநீர். ஒன்றரை ஆண்டு ஆனபோது ஸ்தாழ் கிடைத்தது. இப்போது வேலையில் இருக்கிறாள். "முதல் வருஷத்தையே திருப்பிக் கொடுத்தா நல்லா இருக்கும் தாத்தா" என்று சொன்னாள். அவள் கெட்டிக்காரி, நல்ல அண்டை வீட்டாரும் வாய்த்தது. எல்லாப் பிள்ளைக்கும் அப்படி வாய்க்கும் என்று நம்பி விமானம் ஏற்ற முடியுமா? அங்கேயே ஏற்கனவே தவிப்பவர்கள் இருந்தால் அவர்களுக்கும் இதையே சொல்வேன். பல பல்கலைக்கழகங்களில் மொழி மையம் உண்டு, பல நகரங்களில் இப்படிச் சங்கங்கள் உண்டு. அடுத்த பருவம் என்று தள்ளாமல் இந்த வாரமே போய்ப் பெயர் கொடுங்கள்.

பெற்றோருக்கு நான் சொல்வது மூன்று சோதனைகள். விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன் வீட்டிலேயே நடத்துங்கள். பிரெஞ்சு தெரிந்த ஒருவரை உட்கார வையுங்கள். உங்கள் பிள்ளை அவரைத் தொலைபேசியில் அழைத்து ஒரு வாடகை அறையைப் பற்றி விசாரிக்கட்டும். உடம்புக்கு என்ன செய்கிறது, எங்கே வலிக்கிறது என்று சொல்லட்டும். ஒரு பக்க ஒப்பந்தத்தைப் படித்து, இதில் கையெழுத்துப் போடலாமா கூடாதா என்று விளக்கட்டும். தப்பும் தவறுமாகப் பேசினால் பரவாயில்லை, பேசினால் போதும். பேச முடியவில்லை என்றால் பயணச்சீட்டை எட்டு மாதம் தள்ளிப் போடுங்கள். அந்த நாட்டில் அடுத்த செப்டம்பரிலும் கல்லூரி திறக்கத்தான் போகிறார்கள்.